படியேறும் லிஃப்ட்காரர்

"முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? இப்ப கதவு ஓடுற பள்ளத்துல ஏதாவது சிக்கியிருக்கா பாரு. பொத்தான், கல்லு, கொண்டை ஊசி, என்ன எழவா வேணா இருக்கும்..."

போன் லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் இருக்கிறது. சத்தம் முழுதாக வைத்திருப்பதால் படிக்கட்டு முழுக்கக் கேட்கிறது. இரண்டு கைகளும் கைப்பிடியில். முதல் மாடியைத் தாண்டி, ஒரு படி, இன்னொரு படி.

"அண்ணே, உங்களுக்கு மூச்சு வாங்குது. நில்லுங்க."

"நின்னுட்டேன்டா. நீ பள்ளத்தைப் பாரு."

ஐந்து மாடிக் குடியிருப்பின் ஒடுங்கிய படிக்கட்டு அது. இரண்டடி தள்ளி, லிஃப்ட் ஒரு குறையும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கதவு திறக்கும்போது அக்கம்பக்கத்தவர்கள் இவரைப் பார்த்துப் பதறுவார்கள். "என்ன மெக்கானிக், லிஃப்ட் ரிப்பேரா?" இவரிடம் பதில் தயாராக இருக்கும். "லிஃப்ட் ஜோரா இருக்குங்க. நான்தான் ரிப்பேர்."

வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர்கள் படியேறாமல் இருப்பதற்காக உழைத்தவர். இடது நுரையீரலில் புற்றுநோய். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் நான்கு தடவை. பீடி குடிச்சீங்களா என்று கேட்பவர்களிடம், "குடிச்சேன். பதினஞ்சு வருஷம். விட்டு இருபது வருஷம் ஆச்சு. அது மறக்கல போலிருக்கு" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

நடக்கும்போது பேச வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் ஃபிசியோ பெண் போட்ட விதி. ஒரு வாக்கியம் முழுசாக வர வேண்டும். பாதியில் அறுந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். "தனியா பேசிக்கிட்டே நடந்தா வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க" என்று யோசித்த லிஃப்ட்காரர், கூட வேலை செய்தவர்களிடம் சொல்லிவைத்தார்: சந்தேகம் எதுவானாலும் காலை ஏழிலிருந்து ஏழரைக்குள் கேளுங்கள். அன்றிலிருந்து ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் சரியாக ஏழு மணிக்குப் பழுதாகின்றன. ஒரே வாரத்தில் மூன்று லிஃப்ட்டில் கொண்டை ஊசி சிக்கியதாம்.

"பொய் சொல்றாங்கப்பா" என்றாள் மகள்.

"தெரியும். பேசட்டும். நல்லாத்தான் பொய் சொல்றானுங்க."

பட்டறையில் இவருக்கு 'வெயிட்டு' என்று பெயர். தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தார். புது லிஃப்ட்டில் எடை ஏற்றிச் சோதிக்கும்போது மணல் மூட்டை குறைந்தால் இவரைத்தான் உள்ளே நிற்க வைப்பார்கள். இப்போது எழுபத்தொன்று. பழைய சட்டைகளையே போடுகிறார். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி வந்து நிற்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஒரு காலத்தில் இருட்டில், கட்டை விரலால் உருட்டிப் பார்த்தே திருகாணி என்ன அளவு என்று சொன்ன விரல்கள். இன்று சட்டைப் பொத்தான் போடக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நாக்கில் ருசியும் போனது. "எந்நேரமும் ஸ்பேனரை வாயில கவ்விக்கிட்டிருக்குற மாதிரி இருக்கு. முப்பது வருஷம் கவ்வினது பத்தாதா?"

காலையில் படி. பகலில் நாற்காலி. கையில்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவார். எழும்போது "ஒண்ணாவது மாடி." உட்காரும்போது "தரைத்தளம்." பத்துத் தடவை. பிறகு மூக்கால் மூச்சிழுத்து, சூடான டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய அக்கா துடைப்பத்தோடு குறுக்கே போவாள். "இந்த வயசுல யாருக்குடா விசிலடிக்கிற?"

மகளின் தாய் இறந்ததிலிருந்து வீட்டை நடத்துவது இந்த அத்தைதான்.

படுக்கையறைக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார். லிஃப்ட் இயந்திர அறைகளில் தொங்குமே, அதே மாதிரி கட்டம் போட்டது. தேதி, படி, நேரம். கடைசிக் கட்டத்தில் குறிப்பு: 'அசாதாரணச் சத்தம் உண்டு. நடுக்கம் இல்லை.' சத்தம் என்பது இருமல்.

இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தது மகள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஸ்கேன் அறிக்கையிலிருந்து மருந்துச் சீட்டு வரை ஆங்கிலத்தில் வரும் ஒவ்வொரு தாளும் அவள் கைக்குத்தான் வரும். படித்துவிட்டு என்ன சொல்கிறாளோ அதுதான் வீட்டில் தீர்ப்பு. முதல் மருந்து ஏறியதும் அப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. அப்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பகல்ல பாதி நேரத்துக்கு மேல படுக்கையிலேயே இருந்தார்னா, இந்த மருந்தைத் தொடர முடியாதும்மா. உடம்பு தாங்காது. நிறுத்திடுவோம்." நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் போனில் தேடித் தேடிப் படித்தாள். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே அளவாக நடப்பதும் பயிற்சி செய்வதும் நல்லது என்று இருந்தது. ஃபிசியோவிடம் கேட்டாள். அவளும் ஆமாம் என்றாள்.

அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "உக்காந்து எந்திரிச்சாலே இளைக்குது. அவனைப் போய்ப் படியேத்துறா. நாலு எழுத்துப் படிச்சிட்டா அப்பன் உசுரும் பாடப் புத்தகம் ஆயிடுமா?"

இரண்டாவது மருந்து ஏறிப் பதினைந்தாம் நாள் அது நடந்தது. ஃபிசியோ எழுதிக் கொடுத்திருந்தது ஒரு நாளைக்கு எண்பது படி. பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். காய்ச்சலோ கிறுகிறுப்போ இருந்தால் அன்று படியே கிடையாது. மூன்று நாளாக அவருக்கு உடம்பு லேசாக இருந்தது. முந்தின நாள் ஒரு வாய் கூடுதலாகவும் சாப்பிட்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல், போனையும் வீட்டில் வைத்துவிட்டு, நூறு படி ஏறக் கிளம்பினார்.

கணக்கு அவருடைய தொழிலில் இருந்து வந்தது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட்டைச் சோதிக்கும்போது பத்துப் பேர் எடையை ஏற்றுவார்கள். கால் பங்கு கூடுதல். அதைத் தாங்கி பிரேக் பிடித்தால்தான் மெஷின் ஒழுங்கு என்று கையெழுத்துப் போடுவார்கள். எண்பதுக்குக் கால் பங்கு கூட்டினால் நூறு.

தொண்ணூற்று மூன்றாவது படியில் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று மரத்த விரல்களுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, உருளாமல் உட்கார்ந்துவிட்டார். நாலாவது மாடிக்காரர் பார்த்துக் குரல் கொடுக்க, மகள் செருப்பில்லாமல் ஓடிவந்தபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையிலும் அவள் காதருகே சொன்னார்: "ஏழுதான் பாக்கி."

ரத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது மருந்தைத் தள்ளிப்போட்டார்கள்.

அவர் படுத்திருந்த வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அன்று படித்த அதே பக்கத்தை மகள் போனில் திரும்பத் திரும்பப் படித்தாள். 'அளவாக' என்றுதான் இருந்தது. அந்தச் சொல்லை அப்பாவிடம் சொன்னேனா, அல்லது 'நல்லது' என்பதை மட்டும் சொன்னேனா? அத்தையிடம் ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை நாள் அந்த அட்டையில் படிகளை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்? அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று மகள் காத்திருந்தாள். "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள் அத்தை. அது திட்டை விட மோசமாக இருந்தது.

மறுநாள் ஃபிசியோ பெண் வந்தாள். மகளை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். நூறு படியின் கணக்கை அவர் விளக்க விளக்க, கைகட்டிக் கேட்டாள்.

"சரி சார். அந்தப் பத்துப் பேர் எடையை ஏத்தி தினம் ஓட்டுவீங்களா?"

"சேச்சே. எப்பவாவது ஒரு தடவைதான். தினம் ஓட்டினா கயிறு தேஞ்சிடும்."

"மோட்டர் பாதி போன லிஃப்ட்டுல?"

லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். "அதுல எவனும் பண்ண மாட்டான்."

"நீங்க பண்ணினீங்களே."

"தப்புதாம்மா."

"எண்பதுன்னு நான் எழுதினா எண்பதுதான். எண்பத்தொண்ணு ஏறினா நான் உங்களைப் பார்க்க மாட்டேன். அவ்ளோதான்."

"கறார்தான்" என்றார் அவர். தன்னிடம் வேலை பார்த்தவர்களில் யாரையாவது மெச்சும்போது அவர் பயன்படுத்தும் சொல் அது என்பது மகளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மறுபடி கட்டிலோடு சாய்ந்துவிடுவார் என்று மகளும் அத்தையும் பயந்தார்கள். அவர் மூன்றாம் நாளே எழுந்து அட்டையில் புதுத் தேதி போட்டார். இருபது படி. மறுநாளும் இருபது. பிறகு முப்பது. ஒரு நாள் காலையில் கிறுகிறுப்பு வந்தது. குறிப்பில் 'இன்று ஓடவில்லை' என்று எழுதிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அத்தை இப்போதெல்லாம் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு முக்காலி போட்டு வைக்கிறாள். பயிற்சிக்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. முக்காலி பயிற்சிக்கு இல்லையாம், "என் தம்பி உக்கார."

மூன்றாவது மருந்துக்கு முன் டாக்டர் இரண்டு விஷயம் கேட்டார். ரத்த அளவு ஏறியிருக்க வேண்டும். ஆறு நிமிட நடை போன தடவையை விடக் குறையக் கூடாது. ரத்த அறிக்கை சரியாக வந்தது. நடைதான் மிச்சம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஆறு நிமிடம் அங்குமிங்கும் நடக்க வேண்டும். "நேரம் முடிஞ்சதும் நில்லுங்கன்னு சொல்வேன். இருக்குற இடத்துலயே நிக்கணும். அதுவரைக்கும்தான் அளப்பேன்" என்றாள் ஃபிசியோ. ஒரு கூம்பிலிருந்து மறு கூம்பு வரை ஒரு நீளம். போன தடவை அவர் நடந்தது சரியாகப் பத்து நீளம்.

முதல் நான்கு நீளம் ஒரே சீராகப் போனார். ஐந்தில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடிகாரம் நிற்கவில்லை. மகள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் குவித்து மூச்சை விட்டார், மூன்று தடவை. பிறகு சுவரை விட்டு நடந்தார். ஏழு. எட்டு. நெற்றியிலிருந்து வியர்வை, முடியில்லாத தலையின் பக்கவாட்டில் இறங்கியது. ஒன்பது. "எப்படி இருக்கு சார்?" என்று ஃபிசியோ கேட்டதற்கு, "பேசினா... முழுசா வரும்மா, ஆனா... பேச மனசில்ல" என்றார். பத்தாவது நீளம் முடிந்து கூம்பைச் சுற்றித் திரும்பியபோது ஃபிசியோ மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். போன தடவையைத் தாண்டியாகிவிட்டது.

பதினொன்றாவது நீளத்தில் அவர் நின்றுவிடவில்லை. எதிர்க் கூம்பு நெருங்கியது. நான்கடி. மூன்றடி. இன்னும் ஒரே எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். வலது கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டிருந்தது.

"நில்லுங்க சார்."

கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. லிஃப்ட்காரர் கூம்பைப் பார்த்தார். பிறகு அந்தக் காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.