நிலவுக்காக உருவிய பிலிம்

என் மனைவி உயிரோடு இருந்தபோது அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நிலவில் முதன்முதலாக மனிதர் இறங்கிய ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளன். மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கிய லென்ஸ்களைத் தகரக் குழாயில் பொருத்தி, தொலைநோக்கி ஒன்றை மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தேன். அதைத் தாங்குவதற்கு, தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது ஊன்றுகிற மூங்கில் கவைக்கோல்களை எதிர்வீட்டு நெசவாளர் கொடுத்திருந்தார். கொடுத்த உரிமையில் அவரும் மாடியேறி வருவார்.

“இன்னா சார், எறங்கினவங்க தெரியறாங்களா?”

“அவ்வளவு தூரத்துல ஆள் தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா எதுக்கு சார் இம்மாம் பெரிய கொழாய்? எங்க ஊட்டு ஊதாங்கொழல்லயே பாத்துக்குவேனே!”

கீழே முற்றத்திலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்கும். அவள் இடுப்பில் எங்கள் மகள் இருப்பாள். பத்து மாதக் குழந்தை.

எங்கள் வீட்டில் ஆண்டு நிறைவு ஆகும்வரை குழந்தையைப் படம் பிடிப்பதில்லை. பிடித்தால் ஆயுள் குறையும் என்பார் என் அம்மா. வகுப்பில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திய நான் அதைக் கேலி செய்வேன், ஆனால் மீறியதில்லை. வீட்டிலிருந்த பெட்டிக் கேமராவில் கோயில் கோபுரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிற்பகல், வெயில் இறங்குவதற்கு முன்பே பாதி நிலா வெளுப்பாகத் தெரிந்தது. தொலைநோக்கி வழியே அதைப் படமெடுக்கத் தோன்றியது. அதற்குக் கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய்த் தாளை வைத்து, அதில் விழும் நிலவு கூர்மையாகும்வரை குழாயை நகர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே பாதி ஓடிய ரோல் இருந்தது. எத்தனையாவது படம் என்று பின்புறச் சிவப்புக் கண்ணாடியில் தெரிந்த எண், நான் விட்டுவைத்த எண் அல்ல. ஒன்று கூடியிருந்தது. கவனித்தேன். கீழே குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். மேகம் வந்துகொண்டிருந்தது. கோபுரம் எங்கே போய்விடும், மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த வெயிலிலேயே முதுகைத் திறந்து, பிலிமை உருவி எறிந்தேன்.

புது ரோலில் நிலவு அருமையாக விழுந்தது. குழிகளின் விளிம்புகூடத் தெரிந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

ஆவணியில் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், என் மனைவியின் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

துக்கத்துக்கு வந்த உறவினர் எல்லாம் கிளம்பிய பிறகு அவள் கேட்டாள்.

“ஏங்க, அந்த ரோலைக் கழுவக் குடுத்தீங்களா?”

“எந்த ரோல்?”

“கேமராவுல இருந்ததுதான். அத்தை கோயிலுக்குப் போயிருந்தப்ப பாப்பாவ ஒண்ணு புடிச்சேன். திட்டுவாங்கன்னு சொல்லல. செவுத்தப் புடிச்சிக்கினு நின்னா.”

கழுவி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். ஸ்டுடியோ வரை போகவும் இல்லை. தேரடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

“உன் படம் விழல. கை ஆடியிருக்கு.”

“நெழலாட்டம்கூட தெரியலையா?”

“இல்ல.”

“நான் மூச்சக்கூட விடலியே” என்றாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. படமும் விழவில்லை, பிள்ளையும் போய்விட்டது, வழக்கத்தை மீறிய பாவம் மட்டும் தனக்கு என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பலமுறை எடுத்துச் சொன்னேன். பிலிமை எறிந்தவன் நான் என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, வியாழன் கிரகத்தை நெருங்கிய விண்கலம் அனுப்பிய படம் செய்தித்தாளில் வந்திருந்தது. பட்டை பட்டையாக மேகங்கள், நடுவே ஒரு பெரிய சுழி. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது எவ்ளோ தூரத்துல இருக்குதுங்க?”

“கோடிக்கணக்கான மைல்.”

“அங்கேர்ந்தே வந்து விழுந்திருக்குது பாருங்க. எனக்கு எதிர்ல நின்ன கொழந்த விழல.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மாவும் காலமாகியிருந்தார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“அது வேற மாதிரி கேமரா” என்றேன்.

“ஆமா. அதுக்குக் கை ஆடாது” என்று சொல்லி, செய்தித்தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.