கேட் தாண்டும் வரை

பாண்டிமீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவளும் நானும் ஒன்றாக பி.எட். படித்தோம். பயிற்சிக்குப் போட்டதும் மதுரையில் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில். அந்த வருடம் அட்மிஷன் தள்ளிப்போனதில் எல்லாமே தள்ளிப்போய், ஜனவரியில் ஆரம்பித்த பயிற்சி முழுப்பரீட்சை வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு எட்டாம் வகுப்பு ஏ பிரிவில் ஆங்கிலம், அவளுக்கு பி பிரிவில் அறிவியல். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தைகள் எல்லோரும் வாத்தியார்கள்; ‘ஜாய்ஸ், இன்னொரு தோசை வேணுமா’ என்று கேட்பதே பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். அவள் வீட்டில் அவள்தான் முதல் டீச்சர். வாடிப்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அப்பா சோணைமுத்துவும் அம்மாவும் முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நெல் போடுகிறார்கள்.

வந்த புதிதில் அவளுக்குக் கணுக்காலிகள் பாடம் வந்தது. புத்தகத்தில் படம் இருக்கிறது, அதைக் காட்டி நடத்திவிட்டுப் போக வேண்டியதுதானே? இவள் ஊர் வாய்க்காலில் இரண்டு நண்டு பிடித்து, தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் ஒரு நண்டு மரியாதையாக வாளிக்குள்ளேயே இருந்தது. இன்னொன்றுக்கு வகுப்பைச் சுற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பிள்ளைகள் மொத்தமும் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டு கூச்சல் போட, பாண்டிமீனா மேஜைக்கு அடியில் தவழ்ந்தபடியே, “பயப்படாதீங்கடா, கால் எத்தனைன்னு எண்ணுங்க!” என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எச்.எம். பிலோமினாள் டீச்சர் உள்ளே வந்தார். நண்டு நேராக அவர் செருப்பை நோக்கிப் போனது.

அன்றைக்கே அவளுடைய பயிற்சி அறிக்கையில் ‘வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் போதாது’ என்று எழுதிவிட்டார்.

மற்ற யாருக்காவது இப்படி எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பார்கள். இவளுக்கு அது ஆகாது. அறிவியல் டீச்சர் ஜூனில் பிரசவ லீவில் போகிறார், அந்த இடத்துக்கு ஒரு வருடத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அந்த இடத்தின் மேல் பாண்டிமீனாவுக்கு அப்படி ஓர் ஆசை. ஜூனுக்குள் வேலை அமையாவிட்டால் ஊர்ப் பக்கத்து மில்லில் ஆபீஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக அவள் அப்பா வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கு மில்லு வேணாம்டி. இந்தப் பிள்ளைகதான் வேணும்” என்பாள், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல்.

மார்ச் கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் எச்.எம்.மிடமே கேட்டுவிட்டாள். துணைக்கு நானும் போயிருந்தேன். பிலோமினாள் டீச்சர் ஜன்னல் வழியாக, குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்திருந்த இடத்தைக் கை காட்டினார்.

“அந்த மாதா கெபியைப் பார்த்தியாம்மா? போன வருஷம் கடைசிப் பரீட்சை அன்னைக்கு மை அடிச்சு விளையாண்டாங்க பாரு, மாதா முந்தானையில போய் விழுந்துச்சு. மூணு தடவை வெள்ளை அடிச்சும் இன்னும் ஊதா தெரியுது.”

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் மைப்பேனாதான். கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளிப்பது எந்தக் காலத்திலோ தொடங்கிய வழக்கம். யார் சட்டையில் அதிக ஊதாவோ அவருக்கு அதிகச் சிநேகிதர் என்று கணக்கு. மை படாத சட்டையோடு வீட்டுக்குப் போகிற பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

“இந்த வருஷம் மை கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கேக்க மாட்டாங்கன்னு எனக்கே தெரியும்” என்றார் எச்.எம். “உன் எட்டாம் பி மட்டும் வெள்ளைச் சட்டையோட அந்தக் கேட்டைத் தாண்டட்டும். எழுதினதை நான் மாத்தி எழுதுறேன், ஜூன் வேலைக்கும் கூப்பிடுறேன்.”

எலி வளையில் பூனையைக் காவல் வைப்பார்கள். இவர் கடைசிப் பரீட்சை நாளில், ஒரு நண்டையே அடக்க முடியாத பாண்டிமீனாவைக் காவல் வைத்தார்.

நான் என் வகுப்புக்கு முறையாக ஏற்பாடு செய்தேன். பரீட்சை முடிந்ததும் எல்லாப் பேனாவும் என் மேஜைக்கு வந்துவிட வேண்டும், ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் அப்பா அம்மாவுக்குப் போன். பாண்டிமீனா என்ன செய்தாள் தெரியுமா? முந்தின நாள் பிள்ளைகள் முன்னால் போய் நின்று, “எனக்கு ஒரு காரியம் ஆகணும்டா. அது உங்க கையிலதான் இருக்கு” என்று நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டாள். வராந்தாவில் நின்ற எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிள்ளைகளிடம் போய்க் கெஞ்சுகிற டீச்சரை எங்கள் பரம்பரையிலேயே பார்த்ததில்லை.

வகுப்புத் தலைவி கனகலட்சுமி எழுந்தாள். “அப்ப கேட்டைத் தாண்டுற வரைக்கும் அடிக்கக் கூடாது. அப்படித்தான மிஸ்?”

“ஆமாம்மா. அம்புட்டுத்தான்.”

மறுநாள் மணி அடித்ததும் பள்ளிக்கூடம் ஊதாவாக மாறியது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று ஒருவர் பாக்கியில்லை. என் பிள்ளைகள் பேனாவை ஒழுங்காக மேஜையில் வைத்தார்கள். மையைத் தண்ணீர் பாட்டில் மூடிகளில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தார்கள். நான் போட்ட கத்தலில் தொண்டைதான் போனது.

அந்தக் களேபரத்துக்கு நடுவில் எட்டாம் பி வந்தது. வரிசையாக, பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார்கள். வாலில்லாத குறையாகத் திரியும் ஆலன் கூடக் கையைக் கட்டிக்கொண்டு போனான். ஏழாம் வகுப்புப் பயல் ஒருவன் மையோடு குறுக்கே வந்தபோது கனகலட்சுமி முறைத்த முறைப்பில் அவன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். கேட் ஓரம் நின்ற எச்.எம். ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தார். அத்தனையும் வெள்ளை.

நான் பாண்டிமீனாவின் முதுகில் ஒன்று வைத்தேன். “ஜெயிச்சுட்டடி!”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “ஒரு பய திரும்பிப் பாக்கலையே ஜாய்ஸ். வருஷத்துல ஒரு நாள் அவங்களுக்கு. அதையும் நான் வாங்கிக்கிட்டேன்.”

“வேலை வேணும்னு நீதான அழுத? இப்ப இதுக்கும் அழுவுறியா?” என்று கடிந்துகொண்டேன். ஆனால் எனக்கும் என்னவோ போல்தான் இருந்தது.

விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, மற்ற டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டு நாங்கள் கிளம்ப வெகுநேரம் ஆகிவிட்டது. அன்றோடு பயிற்சி முடிந்தது. காலி வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அழிக்காமல் விட்ட கரும்பலகையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பும் சந்தில் நுழைந்தோம்.

ஜிகர்தண்டா கடைக்கு எதிர்ச் சுவரை ஒட்டி எட்டாம் பி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அத்தனை வெயிலிலும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. சட்டைகள் அப்படியே வெள்ளையாக இருந்தன. எல்லோர் கையிலும் மூடி கழற்றிய பேனா.

“கேட் தாண்டியாச்சு மிஸ்!” என்றாள் கனகலட்சுமி.

“இம்புட்டு நேரமா நிக்கிறீங்க? அப்பவே அடிச்சுட்டுப் போயிருக்கலாம்லடா?”

“நீங்க இல்லாம எப்படி மிஸ் அடிக்கிறது?” என்றான் ஆலன், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பாண்டிமீனா நடுத்தெருவில் நின்று விசும்பி அழுதாள். அழுதுகொண்டே, “ம்… அடிங்க” என்றாள். அப்புறம் நடந்ததை எழுத முடியாது. ஜிகர்தண்டா கடைக்காரர் பாத்திரங்களையெல்லாம் உள்ளே எடுத்துவிட்டார்.

ஓய்ந்த பிறகு கனகலட்சுமி பேனாவோடு இவள் முன்னால் வந்து நின்றாள். “மிஸ், உங்களுக்கு ஒரே ஒரு சொட்டு.”

“ஏய், வேணாம்டி!” என்று நான் பாய்ந்தேன். திங்கட்கிழமை எங்களுக்கு வைவா. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், கல்லூரி யூனிஃபார்ம் சேலையில்தான் போக வேண்டும். அவளுடைய இன்னொரு யூனிஃபார்ம் சேலை பஸ் படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்துபோயிருந்தது. இருந்தது இந்த ஒன்றுதான், அதுவும் வெளிர் சந்தன நிறம்.

பாண்டிமீனா என்னைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். “ஆளுக்கு ஒரு சொட்டு. வரிசையா வாங்க.”

ஒவ்வொருவராக வந்து, சோதனைச்சாலையில் அமிலம் விடுகிற கவனத்தோடு ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஆலன் என் பக்கம் திரும்பி, “ஜாய்ஸ் மிஸ், உங்களுக்கு?” என்றான். “தொட்டுப் பாரு!” என்றேன். பயல் போய்விட்டான். என் சேலை இன்றைக்கும் சுத்தமாகப் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அப்போது சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பிலோமினாள் டீச்சர். பிள்ளைகள் சிலையாக நின்றார்கள். பாண்டிமீனா முந்தானையை விரித்தபடியே நின்றாள், மறைக்கவும் தோன்றவில்லை. போச்சு, மில்லுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

எச்.எம். திரும்பிக் கேட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “அடுத்தவங்க சுவத்துல படாம அடிங்க” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே பாண்டிமீனாவிடம், “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு வந்துரு. நண்டு இல்லாம வா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் முந்தானையை மடித்து மறைக்கக்கூட இல்லை. துவைத்த சேலையில் மை இன்னும் பரவி, சொட்டெல்லாம் பூப்பூவாக நின்றது. அடுத்தது என் முறை என்பதால் நான் கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே தேர்வாளர் அம்மா எச்.எம். மாற்றி எழுதிய அறிக்கையை வாசிப்பது கேட்டது.

“வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் மிகச் சிறப்புன்னு எழுதியிருக்காங்களே.” அறிக்கையை மூடும் சத்தம். “அப்ப முந்தானையில இதென்னம்மா?”

“அதேதான் மேடம்” என்றாள் பாண்டிமீனா.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “வெளியில யாரும்மா சத்தம் போடுறது?” என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.