ஈரம் வரக்கூடாத எட்டுத் துளைகள்

இந்த ஊரில் ஜூன் மாத வெயிலில் கம்பளித் தொப்பியும் தடித்த மேலங்கியுமாகப் பேருந்தில் ஏறுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் ஆஹென் நகருக்குப் படிக்க வந்த முதல் கோடையில் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். ஆளுக்குக் குளிர்காய்ச்சல் என்றே நினைத்தேன். டுசல்டோர்ஃப் பக்கத்தில் பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது, அதற்குள் வருடம் முழுக்கப் பனி கொட்டி வைத்திருக்கிறார்கள், அவர் சறுக்கப் போகிறார் என்று வகுப்புத் தோழன் சொன்னபோதும் நம்பவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் இந்த ஜூனில் அதே பேருந்தில், அதே மாதிரித் தொப்பியோடு, முழங்கால்களுக்கு நடுவே ஒரு ஸ்னோபோர்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நான் போனேன். பலகை என்னுடையதல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த துஷி அக்காவுடையது. அதில் இருந்த எட்டுத் துளைகள்தான் என்னுடையவை.

துஷி அக்கா பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே படித்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் மலைக்குப் போனபோது ஸ்னோபோர்டு பழகி, அன்றிலிருந்து விடாதவர். ஒடுங்கிய நீளப் பலகையில், கல் மாதிரி இறுகிய பூட்ஸோடு, ஓரத்தில் சாய்ந்து பனியில் கோடு கீறிக்கொண்டு போகிற வகை அவருடையது. போன குளிர்காலத்தில் முழங்கால் மக்கர் செய்தது. இந்த அதிர்வு கூடாது, விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். அக்கா விடுகிறவர் இல்லை. பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்குக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தட்டைப் பொருத்தினால் அதிர்வைத் தட்டு வாங்கிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, ஒரு தட்டும் தேடிப் பிடித்துவிட்டார். இப்போது வரும் பலகைகளில் அந்தத் தட்டை முடுக்குவதற்கு, உள்பக்கம் மரை வெட்டிய சின்ன உலோகக் குழல்கள் தயாராகவே புதைந்திருக்கும். இன்சர்ட் என்பார்கள். அக்காவுடையது அதற்கெல்லாம் முந்திய காலத்துப் பலகை. கடைக்காரர் கை வைக்க மறுத்துவிட்டார்.

நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் மாணவர் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீர் மெக்கானிக்கல்தானே படிக்கிறீர்? இதிலை எட்டு ஓட்டை போட்டு இன்சர்ட் வைக்க ஏலுமோ?"

"பண்ணிடலாமுங்க அக்கா."

"முதல் செய்திருக்கிறீரோ?"

"இல்லைங்க."

"பிறகு எப்பிடி 'பண்ணிடலாம்' எண்டு சொல்லுறீர்?"

"எங்க ஊர்ல எதுக்கும் முதல்ல அப்படித்தானுங்க சொல்லுவோம்."

"புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமுங்களே?" என்றும் கேட்டுவைத்தேன்.

"என்ர உயரத்துக்கு எங்கை கிடைக்குது? ஒண்டில் சின்னப் பிள்ளையளுக்குச் செய்யிறாங்கள், இல்லாட்டி ஆறடி ஆம்பிளையளுக்கு. இது போச்சுதெண்டால் நான் வீட்டிலை இருந்து கம்பளி பின்னத்தான் வேணும். எனக்குப் பின்னவும் தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பலகையை என் மேசையில் வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

பட்டறைப் பொறுப்பாளர் யோர்க்கிடம் இரவல் வாங்கிய ஓர் உடைந்த பலகையில் துளை போட்டுப் பழகினேன். அலுமினியத் துண்டில் துளைகளின் இடத்தைக் குறித்து அச்சு செய்துகொண்டேன். எல்லாம் சரி. அக்காவின் பலகையைத் தலைகீழாக இறுக்கி, டிரில்லைக் கையில் எடுத்ததும் என்னை அறியாமல் ஒரு காரியம் செய்தேன்: காலணிகளைக் கழற்றிவிட்டேன். யோர்க் அறையின் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். இரும்பு மூக்கு வைத்த காலணி இல்லாமல் இங்கே ஒருவரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. கடிக்கிறதா என்று கேட்டு, பெரிய அளவில் வேறொரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். கடிக்கவில்லை, எங்கள் குடும்பத்தில் துளை போடுமுன் செருப்பைக் கழற்றுவது வழக்கம் என்றேன். அவர் யோசித்தார். "நல்ல வழக்கம். தூசி வீட்டுக்குள்ளே போகாது" என்றார்.

எப்படி விளக்குவது? என் அப்பாவுக்குத் துளை போடுவதுதான் தொழில். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியோடு மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறவர். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனால் விடுமுறைக்கு விடுமுறை அந்த வண்டியில் ஏறிக்கொள்வேன். ராயலசீமையில் ஒரு கடலைக்காட்டில் துளை போட்டது நன்றாக நினைவிருக்கிறது. குறித்த இடத்தில் சூடம் ஏற்றி, எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். காட்டுக்காரர் குடும்பம் மொத்தமும் வரப்பில் வரிசையாக நின்றது. புழுதி பறக்கிறது, சாம்பல் நிறம், பிறகு வெள்ளை, பிறகு மறுபடியும் சாம்பல். அந்த வீட்டம்மா முந்தானை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். புழுதி ஈரமாகிச் சேறாகத் தெறித்தபோது அவர் ஓடிவந்து அதை முகத்தில் வாங்கிக்கொண்டார்.

ஆஹென் பட்டறையில் துஷி அக்கா கழுத்துச் சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் அழுத்தினேன். முதலில் அடிப்பாகத்தின் கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது. அப்புறம் கண்ணாடி இழை பொடிப்பொடியாக மினுங்கியது. பிறகு வெளிர் மரத்தூள், நல்ல வாசனை. மரம் என்பதால்தான் பயம். துளையின் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் மரம் ஊதும், ஒட்டு விடும், பலகை முடிந்தது. என் பரம்பரையில் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு துளை போட்ட முதல் ஆளும் நான்தான்.

எட்டும் நேராக இறங்கின. எபாக்சிப் பசை தடவி இன்சர்ட்டுகளைப் புதைத்தேன். அடிப்பக்கம் தெரியும் குழிகளைப் பிளாஸ்டிக் வில்லைகளால் அடைக்க வேண்டிய கட்டம் வந்ததும் அக்கா என்னைத் தள்ளிவிட்டார்.

"விடும், விடும். உது என்ர வேலை. நாள் முழுக்க இதைத்தானே செய்யிறன்." குனிந்து, ஒவ்வொரு குழியையும் துடைத்து, காயவைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் அடைத்துச் சீவிவிட்டார். விரலால் தடவினால் தடமே இல்லை.

"பல்லு மாதிரியே இருக்குதுங்க."

"பல்லை விடத் திறம். இது 'நோகுது' எண்டு கத்தாது, 'திங்கட்கிழமை வர டெர்மின் குறிச்சுத் தாங்கோ' எண்டும் கேக்காது."

பனி மண்டபத்தில், தட்டைப் பூட்டிய பலகையோடு அக்கா மேலே போனார். நான் கீழே, தொப்பிக்குள் வியர்த்துக்கொண்டு நின்றேன். கோடு ஒன்று வளைந்து வளைந்து இறங்கி வந்தது. என் முன்னால் பனியை வாரி இறைத்து நிறுத்தினார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். மறுபடி மேலே போனார். மறுபடியும். போதும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் நான்தான் பலகையைப் பிடுங்கினேன்.

"முழங்கால் எப்படிங்க இருக்கு?"

"முழங்காலோ? அப்பிடி ஒண்டு இருக்கெண்டதையே மறந்துபோனன். முதல் உந்த ஓட்டையளைப் பாரும், உள்ளை தண்ணி போயிருக்கோ?"

தட்டைக் கழற்றினேன். மெல்லிய காகிதத்தை முறுக்கி ஒவ்வொரு இன்சர்ட்டுக்குள்ளும் விட்டு எடுத்தேன். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசித் துளைக்குள் காகிதம் இருக்கும்போது கைப்பேசி அடித்தது. அப்பா. பலகைக் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். துளையில் நீர் கண்டால் அந்த நிமிடமே யாருக்காவது காட்டாவிட்டால் அவருக்கு ஆகாது. திரை முழுக்கச் செம்மண் சேறு, பீய்ச்சியடிக்கும் நீர், பின்னால் ஊர்ச் சனத்தின் கூச்சல்.

"வந்துருச்சு கண்ணு! பாரு, பாரு! உன்ற பக்கம் என்னாச்சு?"

காகிதத்தை உருவிப் பார்த்தேன். "எட்டும் காஞ்சு கெடக்குதுங்கப்பா!"

"ஆக மொத்தம் ரண்டு பேருக்கும் வேல சுத்தம்!" என்று அவர் கத்தினார். "வணக்கம் ஐயா, உங்கட மகன் கெட்டிக்காரன்!" என்று அக்கா என் தோளுக்கு மேலால் பதிலுக்குக் கத்தினார். சறுக்க வந்த ஜெர்மன்காரர்கள் எங்களைச் சுற்றி வளைந்து போனார்கள். நான் பனியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் துளி ஈரமில்லாத காகிதம், மறு கையில் தலையிலிருந்து கால்வரை நனைந்து சிரிக்கும் அப்பா.