இத்தாலிப் பேய் வீடும் என் நாத்தனாரும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஏப்ரல் மாதத்தில் ஒரு மதியம். மைசூரில், மண்டி மொஹல்லாவை ஒட்டிய எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரம். நான் மட்டும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு இத்தாலியப் பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலர் முகம் சுளிக்கலாம். நாற்பதை நெருங்கும் குடும்பப் பெண், தினமும் விளக்கேற்றுகிறவள், வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறவள், இதையா பார்ப்பாள்? பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன் பெங்களூரு ஹாஸ்டலில் ஒரு தோழி பழக்கிவிட்டது. என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு படத்தைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "நீ நல்லவதானே?" என்று கேட்டார்.

அந்தப் படங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகை. புதிதாக ஒரு குடும்பம் குடிவரும். கீழே பூட்டிய நிலவறை. அதைத் திறக்காதே என்று ஊரே சொல்லும். உடனே போய்த் திறப்பார்கள். அதற்கப்புறம் கதை என்று தேடினால் கிடைக்காது. சுவர் ரத்தம் கசியும், பொம்மை கண் விழிக்கும், மெழுகுவர்த்தியோடு ஒரு பெண் தனியாக மாடியேறுவாள். உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அது உறுத்தாது. ரத்தம்கூட ரத்தம் மாதிரி இருக்காது, ரோஸ்மில்க் எசன்ஸைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த நீலமும் சிவப்புமான வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நாள் முழுக்க எல்லாக் கணக்கும் நேராக வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவள் நான். எதுவும் எதோடும் பொருந்தாத ஒரு வீட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் போய் நடுங்கிவிட்டு வந்தால் மனசு அலசி விட்டது போல் லேசாகிவிடும்.

அன்று திரையில் ஒரு பெண்ணின் முகம் மெல்ல உருகி வழிந்துகொண்டிருந்தது. பின்னால் ஆள் நிற்பது போலத் தோன்றித் திரும்பினேன். என் நாத்தனார், தண்ணீர் சொம்போடு நின்றிருந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவளைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும். என் கணவரின் தங்கை, கல்யாணமாகாதவள், எங்களோடுதான் இருக்கிறாள். மண்டி மொஹல்லா சந்து ஒன்றில் சின்னதாக பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மணப்பெண் அலங்காரத்தில் கெட்டிக்காரி. அந்தப் பொங்கலுக்கு வடை சுடும்போது வாணலி சரிந்து கொதிக்கும் எண்ணெய் அவள் முகத்தில் தெறித்துவிட்டது. இடது கன்னம், காது, கழுத்து வரை வெந்துபோனது. கண் தப்பியதே பெரிய விஷயம் என்றார்கள். புண் ஆறியது, தழும்பு தங்கிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஒரு கல்யாண வீட்டம்மா போன் செய்து, "சுப காரியம் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி அலங்காரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அன்றோடு பார்லரைப் பூட்டியவள்தான். பீரோ கண்ணாடி மேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் உருகும் முகம் பட்டுவிட்டது. பதறிப்போய் லேப்டாப்பை மூடப் போனேன்.

"மூடாதீங்க அண்ணி."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இயர்போனைக் கழற்றினேன். என்ன பாவம் செய்தோமோ என்றிருந்தது. அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். முகம் முழுக்க வழிந்து முடிந்ததும் திரைக்கு அருகே குனிந்தாள்.

"இது மெழுகு. கன்னத்து எலும்பு எங்க இருக்குன்னே தெரியாம அப்பி வச்சிருக்கான். இவனெல்லாம் ஒரு மேக்கப் மேனா?" என்றவள் பொசுக்கென்று சிரித்தாள்.

பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் மதியத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தோம். சில நாள் கழித்து, மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "இதெல்லாம் பார்க்க உனக்குக் கஷ்டமா இல்லையா?"

அவள் படத்தை நிறுத்தினாள். "என்னைப் பார்க்க வர்றவங்க அச்சச்சோன்னு சொல்லிட்டு உடனே செவுத்துல இருக்கற காலண்டரைப் பார்ப்பாங்க அண்ணி. இந்தப் படத்துல பாருங்க, எவ்வளவு கோரமா இருந்தாலும் கேமரா திரும்பவே மாட்டேங்குது. உத்துப் பார்க்குது. எனக்கு அது புடிச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நானும் காலண்டரைப் பார்த்தவள்தானே.

ஒருநாள் என் மாமனார் எங்களைப் பிடித்துவிட்டார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கையும் களவுமாகப் பிடிப்பது அவருக்குப் பழக்கம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நின்றபடியே பார்த்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, செவுத்துல ரத்தம் வருது, மாடியில யாரோ நடக்கறாங்க. இவங்க ஏன் வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கறாங்க?"

"அட்வான்ஸ் திரும்பி வராது போல, மாமா."

"அப்ப சரி" என்று தலையாட்டினார். மறுநாள் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் படம் பார்ப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு காயத்தையும் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஆராய்ந்தாள். பிறகு சமையலறைக்குள் புகுந்தாள். மைதா பசை, டிஷ்யூ காகிதம், பீட்ரூட் சாறு, தேன். காய்ந்த ரத்தத்துக்குக் காபி டிகாஷன். உரிந்த தோலுக்கு என்னென்னவோ முயன்றுவிட்டு, கடைசியில் தண்ணீரில் ஊறிய அப்பளம்தான் அசல் தோல் மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடித்துக் குதித்தாள். என் முழங்கையில் அவள் செய்த முதல் வெட்டுக்காயத்தைப் பார்த்து என் கணவர் கார் சாவியைத் தேடி ஓடினார்.

அடுத்த வாரம் அவள் அறைக்குள் போனபோது பீரோ கண்ணாடியில் புடவை இல்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து, நன்றாக இருந்த வலது கன்னத்தில் ஒரு பயங்கரமான புண்ணைச் செய்துகொண்டிருந்தாள். முடித்துவிட்டு முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல, இல்ல அண்ணி?" என்றாள், தழும்பிருந்த இடது கன்னத்தைத் தொட்டு. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நானும் அழுதேன். பீட்ரூட் சாறு கரைந்து அவள் நைட்டியெல்லாம் சிவப்பானது.

தசரா வந்தது. எக்ஸிபிஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்தி அவளை அழைத்துப் போனோம். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சுருமுரி என்கிற மசாலாப் பொரிப் பொட்டலத்தோடு நடக்கையில் ஒரு பேய் வீட்டு ஸ்டால் கண்ணில் பட்டது. மாமனார், நாத்தனார், நான் மூன்று பேரும் ஆர்வமாக நுழைந்தோம். உள்ளே ஒரே கும்மிருட்டு. கண்ணில் பல்பு எரியும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் "ஹூ" என்று சொல்லிவிட்டு இருமினார். வெளியே வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஸ்டால்காரர், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்துத் தமிழர். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் மனம்விட்டுப் புலம்பினார். "என்னங்க பண்றது, வந்தவீங்க அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டுப் போறாங்க. கொழந்தைங்ககூட பயப்பட மாட்டீங்குது."

"இருட்டா வச்சிருக்கீங்களே, அதான் தப்பு" என்றாள் நாத்தனார். அந்நியரிடம் அவள் பேசி மாதக்கணக்காகிவிட்டது. "இருட்டுல எதுவும் தெரியாது. தெரியணும். தெரிஞ்சாதான் பயம். எனக்கு ஒரே ஒரு ரூம் குடுங்க. பயப்படலேன்னா நானே பிரிச்சுப் போட்டுடறேன்."

"அம்மிணி என்ன வேலை பண்றீங்க?"

"பியூட்டி பார்லர்."

அவர் சிரித்தேவிட்டார். ஆனால் இழக்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "சரி, ஆனது ஆகட்டுங்க" என்றார்.

துணிக்கடைக்காரர்கள் ஒதுக்கிப் போட்ட பொம்மைகளை மண்டி மொஹல்லாவில் தேடிப் பிடித்தோம். அவற்றை வைத்து அந்த அறையில் ஒரு சாப்பாட்டுக் கூடத்தை அமைத்தாள். நல்ல நீலமும் சிவப்புமாக விளக்கு. நீள மேஜை, வாழையிலைகள், சுற்றிலும் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். இலைகளில் சாம்பார் வெங்காயத்தால் செய்த கண்கள். எதுவும் மேலே வந்து பாயாது. குடும்பத் தலைவராக உட்காரும் நிஜ ஆள் மட்டும் நிதானமாகத் தன் கன்னத்துத் தோலை உரித்து, பக்கத்து இலையில் பரிமாறுவார். அவ்வளவுதான்.

எல்லாம் தயாரான அன்று சாயங்காலம் திறக்கும் நேரத்தில், தலைவராக உட்கார வேண்டிய ஆள் ஜுரம் என்று போய்விட்டார். ஸ்டால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாத்தனார் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"ரிசர்வேஷன் சார்ட் கைக்கு வராம நான் எந்த வண்டியிலயும் ஏறினதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமனார் முகத்தைக் காட்டினார். எதிர் இருக்கையில், கழுத்து அறுந்த மருமகளாக நான். முகத்தில் பசை காயக் காய, இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் பயப்படாமல் போனால் இவள் மறுபடியும் புடவையை எடுத்துக் கண்ணாடியில் மாட்டிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

முதலில் நுழைந்தது ஒரு காலேஜ் கும்பல். எலும்புக்கூட்டைக் கேலி செய்யும் சத்தம் எங்களுக்கே கேட்டது. சிரித்துக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்தார்கள். மேஜையைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. மாமனார் டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கும் அதே பார்வையோடு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் கையை மெல்ல உயர்த்தி, கன்னத்து அப்பளத்தை நுனியில் பிடித்து, அவசரமே இல்லாமல் உரித்தார்.

வாழ்நாளில் அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. நுழைந்த வழியிலேயே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். ஒருவன் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே போனான். மாமனார் தோலை இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, அறுந்த கழுத்தோடு அடக்கிக்கொண்டேன்.

அடுத்த கும்பலும் ஓடியது, அதற்கடுத்ததும் ஓடியது. ஓடியவர்கள் பத்து நிமிஷத்தில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றார்கள். ஸ்டால்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, வரிசை அப்பளக்கடை தாண்டிப் போயிருச்சுங்க!" என்று கூவினார்.

கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று வெளியே வந்தேன். நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே இருந்த புழுக்கத்தில் துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். அத்தனை விளக்கு வெளிச்சத்தில், அத்தனை கூட்டத்தின் முன், முகம் முழுவதும் திறந்திருந்தது. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. அலறல் கேட்கும் ஒவ்வொரு முறையும் குழந்தை மாதிரி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்ற ஒரு காலேஜ் பெண் அவள் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, "அக்கா, மேக்கப் சூப்பர்! ஹேகே மாடிதிரி?" என்று கேட்டாள். எப்படிச் செய்தீர்கள் என்கிறாள். ஓடிப்போய் நடுவில் நிற்கலாமா என்று நினைத்தேன்.

நாத்தனார் கையை உயர்த்திக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். துப்பட்டா இல்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அப்புறம் நிமிர்ந்து, கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

"இது ஒரிஜினல்மா. உள்ளே இருக்கறதெல்லாம்தான் டூப்ளிகேட். நான் பண்ணினது."

அந்தப் பெண் தடுமாறினாள். "சாரி அக்கா" என்றாள். ஆனால் பார்வையை விலக்கவில்லை. "எல்லாமே நீங்களே பண்ணினீங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்றாள். நாத்தனார் போனுக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்று சிரித்தாள்.

தசரா முடிவதற்குள் ஸ்டாலின் எல்லா அறைகளும் அவள் கைக்கு வந்துவிட்டன. பார்லர் மறுபடி திறந்தது. இப்போது மணப்பெண்களும் வருகிறார்கள், நாடகக் குழுக்காரர்களும் வருகிறார்கள். ஒரே நாளில் காலையில் முகூர்த்த அலங்காரம், மாலையில் வெட்டுப்பட்ட தலை என்று அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இப்போதும் யாராவது என்னைக் கேட்பார்கள். எனக்கு அந்த எக்ஸிபிஷன் அலறல்தான் காதில் கேட்கும், ஊரே பயந்து ஓடிய அந்த ஒரு மாலையில்தான் எங்கள் வீட்டை விட்டு பயம் காலி செய்துகொண்டு போனது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?