நங்கூரத்தை விட்டுவிட்டு வந்த நாள்

பாசிர் கூடாங் பக்கத்து விரிகுடாவில் தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் அழைத்துப் போவது என் வேலை. படகோட்டியை இங்கே தெக்கோங் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டி டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். படித்தது மெக்கானிக்கல். எஞ்சின் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் முதல் நாளே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

அன்றுதான் முதலாளி அந்தோணி அண்ணன் என்னைத் தனியாக அனுப்பினார். வந்தவர்கள் இருவர்: ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் பார்வதி அக்கா, அவருடைய கணவர். காலையில் இரண்டு சியாக்காப் மீன் கிடைத்தது. இடம் மாறலாம் என்று நங்கூரத்தை இழுத்தேன், வரவில்லை. கேலோங் என்ற பழைய மீன்பிடி மேடை ஒன்றுக்காகக் கடலில் ஊன்றிய மரங்களின் அடிக்கட்டை கீழே கிடந்தது. அதில் மாட்டிக்கொண்டது. நீர் வற்றும் நேரம் வேறு, இழுப்பு பலமாக இருந்தது.

கையால் முடியாததை நாற்பது குதிரைசக்தி எஞ்சின் செய்யும் என்று நினைத்தேன். கயிற்றை முன்பக்கத்திலிருந்து அவிழ்த்துப் பின்பக்கம் கட்டி எஞ்சினை முடுக்கினேன். நங்கூரம் அசையவில்லை. படகின் பின்பக்கம்தான் தாழ்ந்தது.

“தம்பி, தண்ணி உள்ள வருது,” என்றார் அக்கா.

“ஒரு நிமிஷம்க்கா, அங்கர் வந்துரும்.”

“அங்கர் வருதோ இல்லியோ, கடல் வந்துருச்சு. கயித்த வெட்டுலா.”

அது புது நங்கூரம். முதல் நாளே தொலைத்தால் வேலை போய்விடும் என்று பயம். கை வரவில்லை. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்து, ஐஸ் பெட்டி மிதந்தது. அக்கா, இரைக்குக் கணவாய் நறுக்கும் கத்தியை எடுத்து, கயிற்றை இரண்டே இழுப்பில் அறுத்தார். படகு குலுங்கி நிமிர்ந்தது. மூவரும் வாளி வாளியாக இறைத்தோம்.

“வீட்லயும் இப்படித்தான் தம்பி. யாரையும் கேக்க மாட்டா,” என்றார் கணவர்.

அக்கா சிரிக்கவில்லை. “எங்க லைன்ல மெஷின் சத்தம் மாறுனா யாரு வேணும்னாலும் செவப்பு பட்டன அமுக்கி நிறுத்தலாம். நேத்து சேந்த ஆளுகூட. சூப்பர்வைசர கேக்கத் தேவயில்ல. ஒன் போட்டுல அந்த பட்டன் எங்க இருக்கு?”

வாளியை வைத்துவிட்டுப் படகை ஜெட்டிக்குத் திருப்பினேன்.

ஜெட்டியில் முதலாளி அறுந்த கயிற்றைப் பார்த்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“நீ ஏன் வெட்டல?”

“புது அங்கர்ண்ணே.”

“அங்கர நான் கடையில வாங்கிருவேன். ஒங்கம்மா வந்து கேட்டா என்னடா சொல்லுவேன்?”

அவ்வளவுதான் திட்டினார். மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னார்.

இப்போது நங்கூரக் கயிறு முன்பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு கத்தி தொங்குகிறது. கிளம்புமுன் வந்தவர்களிடம் சொல்வேன்: “தண்ணி உள்ள வந்தா கயித்த வெட்டிருங்க. என்னைக் கேக்காதீங்க.” சிலர் சிரிப்பார்கள். தெக்கோங்கே இப்படிச் சொல்கிறானே என்று சிலர் முகம் மாறும்.

பார்வதி அக்கா இன்றும் லீவு நாட்களில் வருகிறார். நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை படகில் கால் வைக்க மாட்டார்.