பூவாடைக்காரிக்கு ஒரு படம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும், இறங்கும் இடம் வருவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுவிடுவேன். மறைமலைநகரில் நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள், "அக்கா, கம்பெனி எங்கயும் ஓடிடாது, குந்துக்கா" என்று கிண்டலடிப்பார்கள். கம்பெனி ஓடாது என்று எனக்கும் தெரியும், கால்தான் கேட்காது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து இந்த வியாதி முற்றிப்போய்விட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவேன், துணியைப் போட்டுவிட்டுப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களை நினைத்துக்கொண்டு நிற்பேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பே நாறிவிடும்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்தான் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. அவளுக்குப் புதுப்புடவை, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்து, இலை போட்டு, வந்து நின்று நடத்திக்கொடு தாயே என்று கும்பிட்ட பிறகுதான் பந்தக்கால் நடுவோம். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என்னைப் பெற்ற அம்மா. நான் நடக்கக் கற்பதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அம்மா என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டம் போட்ட ஒரு படம்தான்.

கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை, பக்கத்தில் உயரமான ஸ்டாண்டில் காகிதப் பூ. அம்மா பட்டுப்புடவை கட்டி, ஸ்டூலின் நுனியில், விட்டால் எழுந்து ஓடிவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். இந்த ஓட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். புடவை என்ன நிறம் என்று தெரியாது. நானாகச் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா போனபின் நைனா அவளுடைய தங்கையையே கட்டிக்கொண்டார். அவள்தான் என்னை வளர்த்த சித்தி. நைனா மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு லாரியில் கல் ஏற்றிப் போவார். அதனால் கருங்குழி என்ற எங்கள் ஊரை விட்டுத் திருவிடந்தையிலேயே ஒரு வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். கூடத்தில் நுழைந்ததும் எதிரே அம்மா. வெள்ளிக்கிழமை தோறும் சித்தி நாற்காலி போட்டு ஏறிக் கண்ணாடியைத் துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, சந்தனச் சீவல் மாலையை இருபுறமும் சரிசெய்துவிட்டு இறங்குவாள். நான் கெட்ட கழுதை. சித்தி அடித்தால் நேராகப் படத்துக்குக் கீழே போய் நின்று, "பாரும்மா, நீ இருந்தா இவ இப்பிடி அடிப்பாளா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கோள் சொல்வேன். சித்தி அடுப்பங்கரையில் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்துச் சோறு போட்டுக் கூப்பிடுவாள்.

சித்திக்குப் படம் எடுப்பதென்றாலே ஆகாது. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல நிற்கும் படம் எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் இல்லை? எங்கள் வீட்டிலும் உண்டு. இப்போது இல்லாத நைனா அதில் கையைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எனக்கு எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. சித்தி மட்டும் கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய இடது காதின் கீழ்மடல் கிழிந்து இரண்டாகப் பிளந்திருக்கும். அம்மா செத்த புதிதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் தோட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் வந்தது அது. பிறகு அதற்கு மேலே வேறு துளை குத்தித் தோடு போட்டுக்கொண்டாள். எந்தப் போட்டோ என்றாலும் அந்தக் காதை மறைத்துத்தான் நிற்பாள்.

இந்த முறை படையலுக்கு அம்மா படத்தைப் புதுப்பித்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். கடல் காற்றில் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, பூச்சி அரித்து, தோள்பட்டை வரைக்கும் ஏறிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் முகத்துக்கு வந்துவிடும். சித்தி ஒப்பவே இல்லை.

"அதுக்கு இன்னா கேடு? அப்பிடியே கீட்டும், வுடு."

"பூச்சி மூஞ்சியைத் தின்னுட்டா அப்புறம் யாரைக் கும்புடறது? உனக்கென்ன, நீ அவளைக் கண்ணால பாத்தவ. எனக்கு இது ஒண்ணுதானே" என்றேன்.

சித்தி முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். என்னிடம் வாயைக் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை என்கிற மிதப்பில் படத்தைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோ. கடைக்காரப் பையன் மாலையை எடுத்துவிட்டு, சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைப் பதமாக உரித்தெடுத்தான். "மேடம், புடவைய மாத்தி நல்ல பட்டா கலர்ல போட்டுடலாம். கழுத்துக்கு ஆரம் வேணுமா?" என்று கேட்டான். "இருக்குற மூஞ்சியக் காப்பாத்திக் குடுப்பா, அது போதும்" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் சும்மா இருக்க முடியாமல் போனை நோண்டினேன். அந்தப் போன் முகங்களைப் பார்த்து ஆளுக்கொரு கட்டாகப் படங்களைப் பிரித்து வைத்துவிடும். மகளுக்கு ஒரு கட்டு, எனக்கு ஒரு கட்டு. அம்மா படத்தைத் தேடினால் தனியாகக் காணோம். சித்தியின் படங்களோடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அட மூதேவி, அக்கா தங்கை என்றால் சாயல் இருக்காதா என்று மனதுக்குள் திட்டினேன். போன் தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காகத்தான் படத்தைப் பெரிதாக்கினேன். நெற்றி, மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவள் இடது காதில் வந்து நின்றேன். மாலைக்கு அடியிலேயே இத்தனை வருஷம் கிடந்த காது. கீழ்மடல் இரண்டாகப் பிளந்திருந்தது. மேலே இன்னும் துளை குத்தவில்லை. தோடில்லாத வெறும் காது.

அந்தக் காதைக் கிழித்தவள் நான். நான் கிழித்தபோது அம்மா உயிரோடு இல்லை.

சிங்கப்பெருமாள்கோயிலில் பஸ் நின்றதும் குதித்து இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடித் திரும்பவும் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்டுடியோவுக்குப் போன் செய்து பிரிண்ட் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். இடம் காலியானபோதுகூட உட்காரத் தோன்றவில்லை. கண்டக்டர், "இன்னாம்மா, யாருக்குனா உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். மாமல்லபுரத்தில் பஸ் மாறித் திருவிடந்தையில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

சித்தி கூடத்தில் காலை நீட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது.

"இன்னாடி இது, நேத்துதான போன, இன்னிக்கே வந்துகினுகீற?"

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாலைய கழட்டிட்டியா" என்றாள்.

"இது யாரு?"

"தெரிஞ்சிதான வந்துகீற. குந்து மொதல்ல."

நான் உட்காரவில்லை. அங்குமிங்கும் நடந்துகொண்டே கத்தினேன். யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள், நான் யாரிடம் போய் அழுதுகொண்டிருந்தேன், பத்தாவது பாஸானபோது யார் காலடியில் மார்க் ஷீட்டை வைத்தேன் என்றெல்லாம் கேட்டேன். சித்தி கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் ஓய்ந்ததும்தான் பேசினாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. கருங்குழில கூலி வேலைக்குப் போய்கினு இருந்தோம், கல்யாணத்துக்கு போட்டோ புடிக்கிறவன யாரு கூட்டாருவா? அவ பூட்டப்புறம் உங்க நைனாவோட அக்கா, செத்துட்டாங்களே, அவங்கதான் சொன்னாங்க, கொயந்தைக்கு நாளைக்கு அம்மா மூஞ்சி தெரிய வேணாமா, தங்கச்சிதான் அச்சு அவள மாரியே கீறாளே, ஒரு படம் புடிச்சி மாட்டிடுங்கன்னு. அவ கல்யாணப் பொடவைய எனக்கு கட்டிவுட்டு செங்கல்பட்டுக்கு இட்டுகினு போனாங்க. பொடவைல இன்னும் அவ வாசன இருந்துது. போட்டோக்காரன் ஆடாத, ஆடாதன்றான். எனக்கு எந்திரிச்சி ஓடிடலாம்னு இருந்துது."

"என்ன கலர் புடவை?"

"பச்ச. பொடவ மட்டும்தான் அவுளுது."

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சின்னப் பொண்ணுடி நானு. நீ இடுப்புல குந்திகினு அழுவுற. இன்னா சொல்றது? ஆனா பேச்சு ஊரெல்லாம் பரவிப்போச்சி. உசுரோட கீறவளுக்கு மால போட்டு மாட்டிட்டாங்க, செத்தவளா குந்துனவ இவன்னு. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க அந்தப் பேச்ச கேட்டுட்டு பாதி வழியிலயே திரும்பிட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் வர்ல. கடசில உங்க நைனாவே கட்டிகினாரு."

இதை அவள் பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். என் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. கால் தானாக மடங்கி அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக இவளை இவளிடமே திட்டியிருக்கிறேன். அடுப்பங்கரையில் நின்று அத்தனையும் கேட்டிருக்கிறாள். தன் நெற்றிக்குத் தானே வாராவாரம் குங்குமம் வைத்திருக்கிறாள். என் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைத்தபோது அந்தப் படத்துக்குக் கீழே விழுந்து கும்பிட்டதும் இவள்தான். நினைக்க நினைக்க எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"பயமா இல்லையா உனக்கு?"

"மொதல்ல இருந்துது. வெள்ளிக்கெழம வந்தாலே நாற்காலி மேல ஏற மனசு வராது. அப்புறம் பழகிப்போச்சி."

"இப்ப படையலுக்கு என்ன செய்றது?"

"எங்க ஊர்ல எவ படம் வெச்சா? சொம்புல தண்ணி வெச்சி, மஞ்ச பூசி, பூ சுத்தி, அதுக்குத்தான் பொடவ சாத்துவோம். அப்பிடியே செய். அவ வருவா."

அது சரி. படையல் நடந்துவிடும். எனக்கு வேண்டியது படையல் இல்லை. அவள் கையிலிருந்த கீரையை வாங்கிக் கீழே வைத்தேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்குக் கெஞ்சினேன்.

"சித்தி, அம்மா எப்படி இருப்பா? நீ சொல்லு. உன்ன மாதிரின்னு சொல்லாத. உனக்கும் அவளுக்கும் எது வேற, அதச் சொல்லு. மூக்கு எப்படி? கண்ணு எப்படி? சிரிச்சா எப்படி இருப்பா?"

"என்னைவுட கொஞ்சம் ஒசரம்" என்று உடனே ஆரம்பித்தாள். "நடந்தா வேகமா நடப்பா, பின்னால ஓடணும். மூக்கு வந்து..." என்றவள் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் காத்திருந்தேன். வெளியே கடற்கரைச் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் கண்ணைத் திறந்து வெறும் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் என்றைக்கும் கண்டதில்லை.

"வர்லடி" என்றாள். "தெனம் அந்தப் படத்தையே பாத்துப் பாத்து, அவ மூஞ்சி எனக்குப் பூட்ச்சி. அக்கான்னு நெனச்சா நான்தான் வந்து நிக்கிறேன்."

கீரைக் கறை படிந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"கருங்குழில அவள பாத்தவங்க யார்னா இன்னும் உசுரோட கீறாங்களா, உனுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.