மே மாதக் குளிரும் மகேஸ் அக்காவின் மிளகாய்க் கன்றுகளும்

கன்று விற்கிற கடையில் பூவைப் பற்றிக் கேட்பார்கள், காயைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது காற்றையும் குளிரையும் பற்றித்தான்.

ரொறன்ரோவில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச மண் வைத்துக்கொண்டு, ஏப்ரல் மாதம் முழுக்க ஜன்னலுக்குள்ளால் அதைப் பார்த்து ஏங்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. காலையில் குளிர் ஜக்கெற் இல்லாமல் போகலாம் போலிருக்கும். பின்னேரம் காது விறைத்துப்போகும். அஜின்கோர்ட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பார்க்கிங் லொட்டில் வசந்தத்துக்கு மட்டும் பிளாஸ்ரிக் கூடாரம் போட்டுக் கன்று விற்பார்கள். அதில் நான் சில வருஷம் நின்றேன். இது இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிந்த வருஷத்துக் கதை. ஆட்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலை. இங்கே அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

வெயிலுக்கு மறைப்பு

திங்கட்கிழமையும் லீவு வரும் மே மாத லோங் வீக்கெண்ட் வரும்வரை மிளகாய், தக்காளி, கத்தரி ஒன்றையும் வெளியே நடக்கூடாது. எங்கள் தொழிலின் வேதமே இது ஒன்றுதான். விற்பனையை மட்டும் ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுவோம், அது வேறு விஷயம்.

முதல் வெயில் அடித்த அன்றைக்கே கணேசன் அண்ணை வந்துவிட்டார். ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர், இங்கே ட்ரக் ஓடுகிறவர். "இப்ப நடாதையுங்கோ அண்ணை, கட்டாயம் பட்டுப்போகும்" என்றேன். எனக்கு மிளகாய் நடப் படிப்பிக்கிறாயோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு தட்டுக் கன்றை அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை கன்றுகளை ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லாம் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன. எப்படி நட்டீர்கள் என்று விசாரித்தேன். ஊரில் செய்தபடியேதான் செய்திருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு நட்டு, குழாய்த் தண்ணீரை நிறைய விட்டு, மறுநாள் வெயில் படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் காட்போட் மட்டை குத்தி மறைப்புக் கட்டியிருக்கிறார். வெயிலே விருந்தாளியாக வந்துபோகும் நாட்டில் அந்தக் கொஞ்ச வெயிலுக்கும் மறைப்பு! ஐஸ் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கன்றுகள் இரவு முழுக்க நின்றிருக்கின்றன. நான் இதை விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார், கடைசியில் தீர்ப்பையும் சொன்னார்.

"அதெல்லாம் இல்லைத் தங்கச்சி. பட்டுப்போகும் எண்டு அண்டைக்குச் சொன்னனீர் எல்லே, உம்மடை வாய் பலிச்சுப்போச்சு."

தடவிக் கொடுப்பது

எங்கள் மனேஜர் மரியா போர்த்துக்கல்காரி. கன்றுகளுக்கு நடுவிலேயே தலை நரைத்தவள். காலையில் வந்ததும் கோப்பி குடிக்க முன்னம் ஒரு வேலை செய்வாள். தட்டுத் தட்டாகப் போய், கன்றுகளின் தலைக்கு மேலால் உள்ளங்கையை மெல்ல ஓட்டிக்கொண்டு நடப்பாள். அந்தப் பக்கம் சாய்ந்து, இந்தப் பக்கம் சாய்ந்து, எல்லாம் ஒருமுறை ஆடி நிற்கும். செல்லம் கொஞ்சுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இதைப் பற்றி முதலில் கேட்டது நானல்ல, மகேஸ் அக்கா. அவ அடுத்த தெருவில் இருப்பவ. ஐம்பது வயது இருக்கும். அந்த நாட்களில் கூடாரத்துக்குள் வந்து, ஒன்றும் வாங்காமல், தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பா. அவவின் ஒரே தங்கச்சி தன் மகனோடும் மகளோடும் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தா. மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. வந்த முதல் நாளே, விலை கேட்பதுபோல, அதை என்னிடம் சொல்லிவிட்டா.

"உந்த மனிசி ஏன் கண்டுகளைத் தடவுது?" என்று மகேஸ் அக்கா கேட்டதை நான் மரியாவிடம் கேட்டேன். மரியா கையை நிறுத்தவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த தண்டு மெலிந்துதான் இருக்குமாம். இப்படித் தினமும் கொஞ்சம் ஆட்டிவிட்டால் தடித்துக் கட்டையாக வளருமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தட்டை மட்டும் தடவாமல் விடச்சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது உண்மைதான். பிறகு மகேஸ் அக்காவும் வந்தால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் போவா. மரியா அன்றைக்கு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வதென்றால்:

"காற்று என்று ஒன்று வெளியே இருக்கிறது என்பதை இதுகளுக்கு நான் முதலே சொல்லி வைக்கிறேன், போய்த் திடுக்கிட்டு விழக்கூடாது பார்."

ஒரு நாளைக்கு ஒன்று

மே மாதம் பிறந்ததும் மகேஸ் அக்கா வாங்கத் தொடங்கினா. ஒரு மிளகாய்க் கன்று. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. தட்டாக எடுத்தால் மலிவு என்று சொன்னேன். "ஓம் ஓம்" என்றா, ஒன்றைத்தான் எடுத்தா. வீட்டில் இடமில்லையோ, மனுசன் ஏசுகிறாரோ, ஏதும் நேர்த்திக்கடனோ என்று எனக்கு மண்டை வெடித்தது. பக்கத்துக் கடைப் பெண்ணிடம்கூட விசாரித்தேன். மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, என்ன செய்வது.

ஒரு நாள் நல்ல காற்று. கூடாரத்தின் பிளாஸ்ரிக் படபடவென்று அடிக்கிறது. அந்தக் காற்றுக்குள்ளும் தலையைச் சால்வையால் கட்டிக்கொண்டு வந்து ஒரு கன்றைத் தூக்கினா. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஏன் அக்கா ஒண்டொண்டா வாங்கிறியள்?" என்று கேட்டேவிட்டேன். மனுசன் வேலைக்குப் போனால், மகன் சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் கொடி பிடிக்கப் போனால், வீட்டில் தானும் ரீவியும் மட்டும்தான் என்றா. அதை நிற்பாட்டினாலும் பயம், போட்டாலும் பயம். அந்த நேரத்தில் தங்கச்சியின் நம்பரை அடித்து அடித்துப் பார்க்கத்தான் கை போகுமாம். கன்றுக்குக் காசு தந்துவிட்டு, மிச்சக் காசை வாங்கிக்கொண்டே சொன்னா:

"ரெண்டை ஒண்டா வாங்கிப்போட்டால், நாளைக்கு வெளிக்கிட என்ன சாட்டுச் சொல்லுறது பிள்ளை?"

பதினாலாம் மாடி

கன்றை வாங்கியவுடன் வெளியே நட்டுவிடாதீர்கள், முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே வைத்து உள்ளே எடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வோம். முக்கால்வாசிப் பேர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்தவர் ஒருவர்தான். கார்த்திக், சென்னைத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை, பதினாலாம் மாடியில் குடித்தனம்.

பல்கனியில் காற்று சுழற்றி அடிக்கிறது என்று, கன்று வெளியே இருக்கும் நேரம் முழுக்கத் தானும் ஜக்கெற் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். ஆபீஸ் மீற்றிங்கைக்கூட அங்கே நின்றபடி போனில் முடித்தாராம். கன்று நலமாக இருந்தது. அவருக்குத்தான் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கே வந்து கேட்டார்:

"மேடம், நேத்து ஒரு மணி நேரம் கரெக்டா வெச்சேன், ஆனா நடுவுல கொஞ்ச நேரம் மேகம் வந்துடுச்சு, அந்த நேரத்த இன்னைக்கு சேத்துக்கணுமா, வேண்டாமா?"

லோங் வீக்கெண்ட்

எங்கள் வேதத்தில் சொன்ன அந்த நாள் வந்தது. எங்கள் தொழிலில் வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். அந்த வருஷம் அந்தத் திங்கட்கிழமையில்தான் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியும் வந்தது. ஒரே திங்கட்கிழமை. வீட்டில் இருந்திருந்தால் நானும் ரீவிக்கு முன்னால்தான் இருந்திருப்பேன். அதற்குப் பயந்து வேலைக்குப் போனேன்.

கூடாரம் நிறையச் சனம். சீனர் வந்தார்கள், இத்தாலிக் கிழவர்கள் வந்தார்கள், கயானாக்காரர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வண்டிலை இழுக்க இடமில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. கணேசன் அண்ணை இல்லை. மகேஸ் அக்காவும் இல்லை. மிளகாய்த் தட்டுகள் அடுக்கினது அடுக்கினபடி இருந்தன. நான் தக்காளிக்கு விலை சொன்னேன், மண் மூட்டை தூக்கிக் கொடுத்தேன். யாரோ ஒரு அம்மா ரோஜாவைக் காட்டி இது வாசமா என்று கேட்டபோது எனக்கு ஆங்கிலமே வரவில்லை. மரியாவுக்கு எங்கள் சண்டை, செய்தி ஒன்றும் சரியாகத் தெரியாது. நிரம்பிக் கிடந்த மிளகாய்த் தட்டுகளைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்:

"நடாதீர்கள் என்று சொன்ன நாளெல்லாம் வந்தார்களே, நடலாம் என்று சொன்ன நாளில் உன்னுடைய ஆட்கள் எங்கே?"

வெள்ளைத் துணி

நட்ட கையோடு குளிர் திரும்பி வருவதும் இந்த ஊரின் வழக்கம்தானே. அன்று இரவு உறைபனி இறங்கும் என்று அறிவித்தார்கள். மறுநாள் விடிய, கடை திறக்க முன்னமே மகேஸ் அக்கா வாசலில் நின்றா. கன்று மூடத் துணி வேண்டும் என்றா. எங்களிடம் அதற்கென்றே ஒரு மெல்லிய துணி இருக்கிறது, சுருளாக வரும். எடுத்து நீட்டினேன். கையை வைத்தவ சுட்டதுபோல இழுத்துக்கொண்டா. அது வெள்ளை.

லோங் வீக்கெண்டுக்குக் கன்றுகளை நட்டது அவவின் மனுசன். உறைபனி என்றதும் பழைய வெள்ளைப் பெட்சீற்றைக் கிழித்து ஒவ்வொரு கன்றையும் தனித்தனியாகப் போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் வைத்திருக்கிறார். நல்ல மனுசன், நல்லதைத்தான் செய்தார். விடிய எழும்பி மகேஸ் அக்கா குசினி ஜன்னல் திரைச்சீலையை விலக்கினால், புல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் போர்வைகள். எத்தனை கிழமையாக ரீவியில் பார்த்தது அது. தங்கச்சியின் பிள்ளைகளைத் தேடித்தேடிப் பார்த்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கையிலிருந்த சுருளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

மரியாவுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் முகம் தெரிந்தது. உள்ளே போய், நாங்கள் சாப்பிடும் மேசையில் விரித்திருந்த பூப்போட்ட துணியை உருவிக்கொண்டு வந்து கொடுத்தாள். மகேஸ் அக்கா அதை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டா.

"இதுகும் மனுசன் கட்டின பழைய சாரங்களும் போதும் பிள்ளை, உந்த வெள்ளையை மட்டும் என்ரை கண்ணிலை காட்டாதையுங்கோ."

பூ வந்துவிட்டதா

ஜூன் மாதத்தில் கூடாரத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தோம். காற்றும் அடங்கிவிட்டது. மிச்சக் கன்றுகளை அரை விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது மகேஸ் அக்கா வந்தா. எல்லாத்தையும் கேட்கிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவவே சொன்னா. அகதி முகாமில் இருந்து ஆரோ ஒருவரின் போனில் தங்கச்சி கதைத்தாளாம். பின்னால் நின்று ஆட்கள் அவசரப்படுத்தும் சத்தமும் கேட்டதாம். "தங்கச்சி இருக்கிறாள் பிள்ளை. மகள் பக்கத்திலை நிண்டவள், அவளின்ரை குரலும் கேட்டது."

அவ தங்கச்சி கேட்டதைச் சொன்னா. அக்கா என்ன செய்கிறாய் என்றாளாம். மிளகாய் வைத்திருக்கிறேன் என்றாவாம். "உந்தக் குளிருக்கை மிளகாயோ?" என்று தங்கச்சி சிரித்திருக்கிறாள். பூ வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். வந்தது, ஆனால் காற்றுக்குக் கொட்டுண்டுபோகுது என்றதற்கு, முதல் பூ கொட்டினால் கவலைப்படாதே, பிறகு வருவது கொட்டாமல் நிற்கும் என்றாளாம். அதோடு போன் கட்டாகிவிட்டது. மகேஸ் அக்கா சொல்லிக்கொண்டே, விலைபோகாமல் கிடந்த தட்டின் மேல் கையை ஓட்டிக்கொண்டிருந்தா. தங்கச்சிக்கு ஒரு மகனும் இருந்தது எனக்கு ஞாபகம். என் பார்வை அவவுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அவளும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை, மிளகாயைப் பற்றியே கதைச்சு முடிச்சிட்டம்."

கன்றுக் கடையில் நின்றவள் என்பதால் இன்றைக்கும் ஆட்கள் என்னைப் பிடித்து வைத்து, இனி நடலாம்தானே, இனிக் குளிர் திரும்பி வராதுதானே என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு "ஓம், நடுங்கோ" என்கிறேன், மற்றதற்குக் காது கேட்காதவள்போல் வேறு கதைக்கு மாறிவிடுகிறேன்.